ஓவியத் திருவிழா நடத்தினால் பறவைகளுக்கு என்ன லாபம்?

நியாயமான கேள்விதான். படம் மாட்டினால் மட்டும் சதுப்பு நிலம் பிழைக்காது, பணம் வேண்டும். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஈஸ்டன் என்ற சிற்றூரில், 1971 முதல் நவம்பர் மாதம் நீர்ப்பறவைத் திருவிழா நடக்கிறது. செசபீக் விரிகுடாவுக்குக் கனடா வாத்துகள் வலசை வரும் பருவம் அது. ஓவியம், சிற்பம், மரத்தில் செதுக்கிய வாத்து எல்லாம் காட்சிக்கு வரும். பெரும்பாலான வேலையைத் தன்னார்வலர்களே பார்க்கிறார்கள். சம்பளச் செலவு குறைகிறது, அப்புறம் மிஞ்சும் காசு வாழிடப் பாதுகாப்புக்குப் போகிறது.

அந்த மர வாத்துகளின் கதைதான் வேடிக்கை. நிஜப் பறவைகளை ஏமாற்றி இறக்க வேட்டைக்காரர்கள் தண்ணீரில் மிதக்கவிட்டவை அவை. இன்று பழைய நல்ல வேலைப்பாடுகள் லட்சக்கணக்கில் ஏலம் போகின்றன.

வேட்டைக்காரர்களே பாதுகாப்புக்குக் காசு தருவது நமக்கு விநோதமாகப் படலாம். ஆனால் 1934 முதல் அமெரிக்காவில் வாத்து வேட்டைக்குப் போகிறவர்கள் தபால்தலை போன்ற ஒரு வில்லையை வாங்கியாக வேண்டும். இப்போது விலை 25 டாலர். அதில் டாலருக்கு 98 சென்ட் ஈரநிலங்களை வாங்கவும் காக்கவும் செலவாகிறது. வில்லையில் வரும் ஓவியம் 1949 முதல் திறந்த போட்டியில் தேர்வாகிறது. வென்றவருக்கு அரசு பரிசுப்பணம் தராது, பிரதிகளை விற்று அவரே சம்பாதித்துக்கொள்ளலாம்.