பூக்கார அக்காவின் முழம்

வணக்கம்.

ஈராசிரியர் பள்ளி ஒன்றில் மூன்றாம் வகுப்பு எடுக்கிறேன். நீட்டல் அளவை நடத்த, தெருமுனையில் பூ விற்கும் அக்காவிடம் பிள்ளைகளைக் கூட்டிப்போனேன். அவர் முழம் போட்டுக் காட்டினார். பிள்ளைகளும் தங்கள் கையால் அளந்து பார்த்தார்கள். ஒரே குஷி. மறுநாள் ஒரு பையனின் அப்பா வந்து, "நோட்டுல ஒரு வரிகூட இல்லையே டீச்சர், நாள் பூரா விளையாட்டுதானா?" என்று கேட்டார். பதில் சொல்லத் தெரியவில்லை. நான் செய்தது வீண்தானா?

ஓர் ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

வீண் இல்லை. ஆனால் அந்த அப்பா கேட்டதிலும் நியாயம் இருக்கிறது. பிள்ளைகள் அளந்ததோடு உங்கள் கடிதம் நின்றுவிட்டது. அப்புறம் என்ன ஆயிற்று?

அக்கா பத்து முழம் போட்ட சரத்தை எட்டு வயதுப் பிள்ளை அளந்தால் பதின்மூன்று, பதினான்கு வரும். ஆளுக்கொரு எண் சொல்வார்கள். யார் சொல்வது சரி என்று சண்டை வரும். வரட்டும். "கை சின்னதா இருக்கிற அக்காகிட்ட வாங்கினா நமக்கு நஷ்டம்" என்று ஒரு குட்டி வியாபாரி கண்டுபிடிக்கும் நேரம் அது. ஸ்கேலை அப்போது வெளியே எடுங்கள். ஒவ்வொருவரும் தன் முழம் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்து, பெயரும் எண்ணுமாக நோட்டில் அட்டவணை போடட்டும். அப்பா கேட்ட வரிகளும் கிடைத்துவிடும்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் பிள்ளைகள் தாங்களே செய்து, தங்கள் வேகத்தில் படிக்கும் செயல்வழிக் கற்றல் வந்தது நினைவிருக்கும். ஆந்திரத்து ரிஷிவேலியின் கிராமப் பள்ளிகளைப் பார்த்து எடுத்த முறை. சில ஆண்டுகளில் மாநிலம் முழுக்கப் பரவியது. உட்காரப் பாய், பாட அட்டைகள், எந்த அட்டைக்குப் பின் எது என்று காட்டும் ‘ஏணிப்படி’ அட்டவணை, சுவரின் அடியில் பிள்ளைகளின் கைக்கு எட்டுகிற கரும்பலகை. அந்தக் கரும்பலகை மேல் எனக்கு இன்றும் தனிப் பிரியம். அட்டைகள்தான் நான் பார்த்த சில வகுப்புகளில் இன்னொரு பாடப்புத்தகமாகிவிட்டன. ஒன்றை முடி, அடுத்ததை எடு, அவ்வளவுதான். தெருவில் இருக்கும் பூக்கார அக்காவுக்கு அட்டையில் இடமில்லை. நீங்கள் அவரிடமே போனீர்கள்.

அந்த அப்பாவையும் விடாதீர்கள். என்ன வேலை பார்க்கிறார்? கொத்தனார் என்றால் தூக்குக்குண்டும் ரசமட்டமும் வைத்திருப்பார். வகுப்பறைச் சுவர் நேராக நிற்கிறதா என்று பிள்ளைகளுக்குப் பார்த்துக் காட்டச் சொல்லுங்கள். (நம் பள்ளிக் கட்டடங்களில் இது கொஞ்சம் ஆபத்தான பாடம்!) ஒன்று மட்டும், கூலி போகிற நாளில் கூப்பிட வேண்டாம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்கு வரும் அன்று ஒரு அரைமணி நேரம் கேட்டுப் பாருங்கள்.

சரி, அந்த அக்காவிடம் பூ வாங்கினீர்களா? வியாபார நேரத்தில் வகுப்பே போய் நின்றிருக்கிறது. அடுத்த முறை நாலு முழமாவது வாங்கிக்கொள்ளுங்கள். யார் கையால் அளப்பது என்று பிள்ளைகள் பேரம் பேசட்டும்.