மூன்றாம் கட்சிக்கு அளிக்கும் வாக்கு வீணா?

அமெரிக்க அதிபர் தேர்தலில் மூன்றாம் கட்சி (குடியரசு, ஜனநாயகம் என்ற இரு பெரிய கட்சிகள் அல்லாத கட்சி) வேட்பாளருக்கு இடும் வாக்கு வீணா என்று கேட்டிருக்கிறீர்கள். வீணல்ல, ஆனால் அதன் விளைவு நீங்கள் வாக்களிக்கும் மாநிலத்தைப் பொறுத்தது.

பெரும்பாலான மாநிலங்களில் முதலிடம் பெறுபவருக்கே அந்த மாநிலத்தின் தேர்வாளர் வாக்குகள் (அதிபரை முடிவாகத் தேர்ந்தெடுக்கும், மாநிலவாரியாக ஒதுக்கப்பட்ட வாக்குகள்) முழுவதும் போய்விடுவதால்தான் இந்த ஐயம் எழுகிறது. 1992இல் சுயேச்சையாகப் போட்டியிட்ட ராஸ் பெரோ ஏறத்தாழ 19 விழுக்காடு வாக்குகள் பெற்றும் ஒரு தேர்வாளர் வாக்குகூடக் கிடைக்கவில்லை.

உங்கள் மாநிலத்தின் கடந்த மூன்று தேர்தல்களில் வெற்றி வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். அது பெரிதென்றால் தயங்காமல் மனம் ஏற்பவருக்கே வாக்களியுங்கள்; ஒரு கட்சி நாடளவில் 5 விழுக்காடு பெற்றாலே அடுத்த தேர்தலில் அரசு நிதி பெறும் தகுதி கிட்டும்.

வித்தியாசம் சிறிதென்றால் நிதானம் தேவை. 2000இல் புளோரிடாவில் குடியரசுக் கட்சியின் புஷ், ஜனநாயகக் கட்சியின் கோரை வென்றது 537 வாக்குகளில். அங்கே பசுமைக் கட்சியின் நேடர் பெற்றவை 97,000க்கும் மேல். அவை அனைத்தும் கோருக்கே போயிருக்கும் என்று கொள்வதும் தவறு.