15,000 சம்பளத்தில் 3,000 பிடிப்பு: பகுதிநேர வேலைக்கு இது சரியா?

படித்துக்கொண்டே செங்கலடிக் கடையொன்றில் பின்னேர வேலை செய்கிறீர்கள்; ஊழியர் சேமலாப நிதிக்கென்று (ஓய்வுகாலச் சேமிப்பு) முதலாளி 3,000 ரூபாய் பிடிக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். சரியில்லை, தம்பி. அந்த நிதிக்கு உங்கள் பங்கு சம்பளத்தில் 8 வீதம். 15,000 ரூபாய்க்கு 1,200 மட்டுமே. மற்ற 12 வீதம், அதாவது 1,800 ரூபாய், முதலாளி தன் கையிலிருந்து கட்ட வேண்டியது. ‘படிக்கிற பிள்ளை, பின்னேர வேலைதானே’ என்று அவர் சொல்வது செல்லாது. 1958ஆம் ஆண்டு ஊழியர் சேமலாப நிதிச் சட்டத்தில் பகுதிநேர ஊழியரும் அடக்கம்.

செங்கலடிக் கடைக்காரர் இரண்டு பங்கையும் உங்கள் தலையில் கட்டியிருக்கிறார் என்றே நினைக்கிறேன். அந்தக் காசு நிதிக்குப் போய்ச் சேர்ந்ததா என்பது வேறு கேள்வி.

முதலில் நிதியில் உங்கள் அங்கத்துவ இலக்கத்தை முதலாளியிடம் கேளுங்கள், சண்டைத் தொனி வேண்டாம். இலக்கம் தந்தால், அடையாள அட்டையுடன் மட்டக்களப்பில் உள்ள தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். ‘நாளைக்கு, நாளைக்கு’ என்று இழுத்தால் உங்களைப் பதிவே செய்யவில்லை என்று வையுங்கள்.

ஒன்று: முறைப்பாடு செய்தால் வேலை போகலாம். எனவே வேலை செய்த நாட்கள், வாங்கிய தொகை எல்லாவற்றையும் இப்போதே எழுதி வையுங்கள். சம்பளத் துண்டு இருந்தால் படம் எடுங்கள்.

கடையை விட்டு டியூஷன் தொடங்கலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். வந்தாறுமூலையில் தங்கிப் படிப்பவருக்கு, ஏறாவூர்ப் பக்கம் சாதாரண தரக் கணிதம் சொல்லிக்கொடுப்பது இரவு ஒன்பது வரை கடையில் நிற்பதைவிட எவ்வளவோ மேல். சேமலாப நிதி கிடைக்காது. ஆனால் பரீட்சை வாரத்தில் வகுப்பை நீங்களே தள்ளிப்போடலாம்.