ஜெபம் சொல்லிக் கொடுத்தாரா?

கேள்வி: என் அக்கா மகள் அமெரிக்காவில், இண்டியானா மாநிலத்தில், ஒரு கத்தோலிக்கப் பள்ளியில் ஆறு வருடம் டீச்சராக இருந்தாள். கர்ப்பமாக இருப்பதைச் சொன்ன மூன்றாவது வாரமே வேலையிலிருந்து நீக்கிவிட்டார்கள். வழக்குப் போட்டு, ஜூரி விசாரணை கேட்டிருக்கிறாள். நியாயம் எங்கள் பக்கம்தான். தீர்ப்பு எப்படி வரும் என்று கணித்துச் சொல்ல முடியுமா?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: சொல்கிறேன் அம்மா. அதற்கு முன்னால் அவரிடம் ஒன்று கேளுங்கள். வகுப்பில் பிள்ளைகளுக்கு ஜெபம் சொல்லிக் கொடுத்தாரா? மதப் பாடம் எடுத்தாரா?

கர்ப்பத்துக்காக வேலையை விட்டு நீக்கக்கூடாது என்று அங்கே 1978-லிருந்தே சட்டம் இருக்கிறது. ஆனால் மதத்தைக் கற்பிக்கும் ஊழியரை வைத்துக்கொள்வதும் அனுப்புவதும் மத நிறுவனத்தின் சொந்த விஷயம், கோர்ட் தலையிடாது என்று ஒரு விதிவிலக்கும் இருக்கிறது. மிச்சிகனில் ஒரு லூத்தரன் பள்ளி ஆசிரியை தூக்க நோயால் விடுப்பில் போய், அதைத் தொடர்ந்து வேலையை இழந்தார். மதம் சார்ந்த வேலை தினம் 45 நிமிடம்தான் என்பது அவர் பக்கத்து வாதம். இது ஸ்டாப்வாட்ச் வைத்துத் தீர்க்கிற கேள்வி இல்லை என்று 2012-ல் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் ஒருமனதாகச் சொல்லி, பள்ளி பக்கமே தீர்ப்புக் கொடுத்துவிட்டார்கள்.

2020 ஜூலையில் கலிபோர்னியாவின் கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியைகள் இருவருடைய வழக்கு. 7-2 என்று பள்ளிகள் பக்கம் தீர்ப்பு. அதில் ஒருவர் மார்பகப் புற்றுநோய் சிகிச்சைக்கு லீவு கேட்டவர். தீர்ப்பு வருவதற்கு முந்தின வருடமே இறந்துபோனார். நோய்க்காகத்தான் நீக்கினார்களா என்பதை எந்த ஜூரியும் கேட்கவே இல்லை. அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

உங்கள் இண்டியானாவிலேயே வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. ஃபோர்ட் வெய்ன் நகரில் ஒரு கத்தோலிக்கப் பள்ளி ஆசிரியை, செயற்கைக் கருத்தரிப்பு சிகிச்சை எடுத்துக்கொண்டதால் 2011-ல் வேலையை இழந்தார். அவர் எடுத்தது மொழிப்பாடம், மதப்பாடம் இல்லை. அதனால் வழக்கு ஜூரி வரை போனது. 2014 டிசம்பரில் 19.5 லட்சம் டாலர் கொடுக்கச் சொன்னார்கள். (மன உளைச்சலுக்கும் தண்டனைக்கும் சேர்த்து அதிகபட்சம் 3 லட்சம் டாலர்தான் என்று சட்டத்திலேயே வரம்பு இருப்பதால் அந்தத் தொகை பிறகு வெகுவாகக் குறைந்தது. பெரிய தொகையை மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள்.)

நியாயம் நம் பக்கம் என்று நானும் நம்பி உட்கார்ந்திருக்கிறேன். 1988-ல் நான் ஜூனியர் வக்கீல். பிரசவ லீவு முடிந்து வந்த ஒரு டீச்சரைத் தனியார் பள்ளி ஒன்று திரும்பச் சேர்க்கவில்லை. லேபர் கோர்ட்டில் வழக்கு. ஒன்பது வருட சர்வீஸில் ஒரு மெமோ கிடையாது. ஜெயித்த மாதிரிதான் என்று அவரிடம் சொல்லியும் விட்டேன். அப்போதுதான் கோவாவில் வேலை பார்த்த சுந்தராம்பாள் என்ற ஆசிரியையின் வழக்கில், தொழில் தகராறு சட்டப்படி ஆசிரியர் 'தொழிலாளி' ஆகமாட்டார் என்று நம் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. எங்கள் வழக்கு அதோடு நின்றுபோனது. நற்சான்றிதழ்களை ஒவ்வொன்றாக மடித்து மஞ்சள் பைக்குள் திரும்ப வைத்தார் அந்த டீச்சர். ஒரு வார்த்தை பேசவில்லை.

சரி, என் கணிப்பு. அக்கா மகள் கணக்கோ அறிவியலோ மட்டும் எடுத்தவர் என்றால் வழக்கு ஜூரி வரை போகும். அங்கே அந்த மூன்று வாரம் அவருக்குப் பெரிய பலம். ஆறு வருட மதிப்பீட்டு அறிக்கைகள் நன்றாக இருந்து, நீக்கிய கடிதத்தில் ஒரு காரணமும் சாட்சிக் கூண்டில் வேறு காரணமும் பள்ளி சொன்னால், அநேகமாக ஜெயிப்பார். ஜூரி ஒருமனதாக முடிவு செய்ய வேண்டும் என்பதால், பள்ளியே நடுவில் சமரசத்துக்கு வந்தாலும் வரும். மதப்பாடம் எடுத்தவர் என்றால் ஜூரியைப் பார்க்காமலேயே வழக்கு தள்ளுபடியாகத்தான் வாய்ப்பு அதிகம். அப்படியானால் இப்போதே சமரசம் பேசச் சொல்லுங்கள்.

அவருடைய வேலை ஒப்பந்தத்தையும், கடைசி வருட டைம்டேபிளில் காலை முதல் பீரியட்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதையும் பார்த்து எழுதி அனுப்புங்கள்.