தார்சாவை நனைக்கும் குட்டி

கேள்வி: எங்கள் இரண்டு மாதச் சிப்பிப்பாறை நாய்க்குட்டி, புறவாசலில் விட்டால் விளையாடிவிட்டு, உள்ளே வந்ததும் தார்சாவில் (முன்கூடத்தில்) சிறுநீர் கழிக்கிறது. அடித்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?
– வாசகி, அம்பாசமுத்திரம்

பதில்: அடிப்பதை முதலில் நிறுத்துங்கள். அடி வாங்கிய குட்டி கற்றுக்கொள்வதெல்லாம், ஆள் பார்க்காத நேரத்தில் கட்டிலுக்கு அடியில் போய்க் கழித்துவிட்டு வருவதைத்தான். இந்த வயதில் பகலில் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு மேல் அதனால் அடக்க இயலாது. ஆகவே தூங்கி எழுந்ததும், சாப்பிட்ட 10, 15 நிமிடங்களிலும், விளையாட்டுக்கு நடுவிலும் அதைப் புறவாசலில் ஒரே இடத்துக்கு, முருங்கை மரத்தடி என்றே வைத்துக்கொள்வோம், கொண்டுபோய், விளையாட்டுக் காட்டாமல் பேசாது நில்லுங்கள். தரையை முகர்ந்து, வட்டமிட்டு, கழித்து முடித்த அந்தக் கணமே பாராட்டி, அவித்த கோழித் துண்டு ஒன்றைக் கொடுங்கள்; விளையாட்டு அதற்குப் பிறகுதான். உங்கள் குட்டி தலைகீழாகப் பழகியிருக்கிறது, அவ்வளவே.

நனைந்த இடத்தில் வாடை தங்கினால் மறுபடியும் அங்கேயே போகும். சோப்புத் தூள் கரைத்த நீரால் தேய்த்து, அலசி, உலர விடுங்கள். பலர் வினிகரைச் சொல்வார்கள். பழைய சிவப்புக் காவித் தரையானால் அது சிமெண்டை அரித்துவிடும். தடுப்பூசிகள் முடியும்வரை தெருவுக்குக் கொண்டுபோக வேண்டாம், பார்வோ நோய் தொற்றலாம்.