அம்மாவோடு ஒரே நாளில் பொலன்னறுவை: சிகிரியாவை விடுங்கள்

முழங்கால் வலியுள்ள அம்மாவைக் கூட்டிக்கொண்டு, வழிகாட்டி சொல்கிறபடி இலங்கையில் சிகிரியா பாறைக்கோட்டையையும் பழைய தலைநகரான பொலன்னறுவையையும் ஒரே நாளில் பார்க்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். வேண்டாம். சிகிரியாவில் சுமார் 1,200 படிகள் இருக்கின்றன. அதை இன்னொரு பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள், பொலன்னறுவைக்கே ஒரு நாள் சரியாக இருக்கும்.

காலையில் வெயில் ஏறுவதற்குள் நேரே, பாறையில் செதுக்கிய புத்தர் சிலைகள் உள்ள கல் விகாரைக்குப் போய்விடச் சொல்லுங்கள். புனித இடங்களில் செருப்பைக் கழற்ற வேண்டும், பத்து மணிக்கு மேல் தரை சுடும். அம்மாவுக்குத் தடிமனான காலுறை எடுத்து வையுங்கள். அங்கே சயனக் கோலத்தில் உள்ள புத்தரின் தலையணையைப் பாருங்கள்: தலை அழுந்திய இடத்தில் கல் பஞ்சுபோலக் குழிந்திருக்கும்! பாதங்களும் ஒன்றோடொன்று சேராமல் லேசாக விலகியிருக்கும், பரிநிர்வாணத்தைக் காட்டத்தான்.

அப்புறம், வழிகாட்டிகள் சிலர் அவசரத்தில் தாண்டிவிடுகிற இரண்டாம் சிவாலயத்தைக் கேட்டுப் பாருங்கள். 11ஆம் நூற்றாண்டில் சோழர்கள் கட்டிய வானவன்மாதேவி ஈஸ்வரம் அதுதான், சோழ அரசி ஒருவரின் பெயர். சுவரில் தமிழ் எழுத்துகள் உண்டு. அம்மா நிச்சயம் நின்று பார்ப்பார்.

இடத்துக்கு இடம் வண்டியிலேயே போகலாம், அதை மட்டும் முதலிலேயே பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்.