அந்தக் கணக்க உன் வூட்ல போடு

அன்புள்ள அண்ணா,

நான் திருவொற்றியூர்க்காரி. என் பெயர் போட வேண்டாம். அம்மா இணையத்தில் எதுவும் படிக்க மாட்டாள், ஆனால் யாராவது படித்துவிட்டுப் போய்ச் சொல்லிவிடுவார்கள்.

2004 டிசம்பர் 26 அன்று என் தம்பி கடலில் போனான். அவனுக்குப் பதினொரு வயது, எனக்குப் பதினான்கு. கிறிஸ்துமஸுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை, வீடு நிறைய சொந்தக்காரர்கள். எட்டரை மணி வாக்கில் அம்மா அவன் கையில் பையைக் கொடுத்து, கரையில் மீன் வந்திருக்கிறதா பார்த்துவிட்டு வா என்று அனுப்பினாள். மறுநாள் மதியம்தான் கிடைத்தான்.

அம்மா இத்தனை வருஷத்தில் கடவுளை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. யார் கேட்டாலும் "எல்லாம் கர்த்தருடைய திட்டம்" என்பாள். இருபதாம் வருஷ நினைவு ஜெபத்தில் போதகர் பேசும்போது, ஒரு அடைக்கலான் குருவிகூட பிதாவின் சித்தமில்லாமல் தரையில் விழாது, அந்த அலைக்குள்ளும் நமக்குத் தெரியாத ஒரு நன்மை இருக்கிறது என்றார். அம்மா தலையாட்டிக்கொண்டே இருந்தாள். நான் எழுந்து வெளியே வந்துவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் கத்தினேன். "பதினோரு வயசுப் பையனைக் கொன்னுட்டு அதுக்குப் பேரு திட்டமா?" அவள் பதில் பேசாமல் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் நான் சபைக்குப் போகவில்லை.

ஒரு நாள் அவளுடைய பைபிளை எடுத்துப் புரட்டினேன். யோபு புத்தகத்தில் கடலைப் பற்றிக் கர்த்தர் சொல்லும் வசனம், "இம்மட்டும் வா, மிஞ்சி வராதே." அதன் ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு. வேறு எந்தப் பக்கத்திலும் கோடு கிடையாது.

கடவுளுக்கு ஒரு திட்டம் உண்டு என்றால் சுனாமியை அதில் எங்கே வைப்பது? அம்மா பிடித்துக்கொண்டிருப்பது பொய் என்று அவளுக்குப் புரியவைக்க வேண்டுமா, விட்டுவிட வேண்டுமா?

ஒரு வாசகி, திருவொற்றியூர்

*

அன்புள்ள தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன், அதுதான் அவசரம். அம்மாவிடம் வாதாட வேண்டாம். அவர் சொல்வதை நீங்கள் ஏற்றுக்கொள்ளவும் வேண்டாம். இரண்டையும் ஒரே வீட்டில் வைத்துக்கொள்ள முடியும். இதை எனக்குக் காட்டியவர் ஒரு மீன்காரம்மா.

தண்டையார்பேட்டையில் எங்கள் தெருவுக்கு அவர் காசிமேட்டிலிருந்து கூடையில் மீன் கொண்டுவருவார். நாங்கள் ஆயா என்று கூப்பிடுவோம். மகள் வயிற்றுப் பேரனை அவர்தான் வளர்த்தார். ஒன்பது வயது. சுனாமியில் போய்விட்டான். ஒரு மாதம் கழித்து ஆயா மறுபடி கூடையோடு வந்தார். கடலில் பிணம் மிதந்ததே என்று ஊரே மீனைத் தொடாமல் இருந்த சமயம் அது. என் அம்மா மட்டும் வாங்கினாள். பக்கத்து வீட்டுப் பெரியவர் ஒருவர் வாசலில் உட்கார்ந்திருந்தார். நல்ல மனிதர், விடியற்காலையில் குளித்து விபூதி பூசாமல் காபி குடிக்காதவர். அவர் ஆறுதலாகத்தான் சொன்னார்: "என்னம்மா பண்றது, எல்லாம் ஆண்டவன் போட்ட கணக்கு." ஆயா சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டிக்கொண்டிருந்தார். தலையும் நிமிரவில்லை, கையும் நிற்கவில்லை. "அந்தக் கணக்க உன் வூட்ல போடு" என்றார். பெரியவர் எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒரு வருஷம் போயிருக்கும். ரேஷன் கார்டில் பையன் பெயர் இன்னும் அப்படியே இருக்கிறது, எடுக்கச் சொல்கிறார்கள் என்று ஆயா பேச்சுவாக்கில் சொன்னார். எடுத்துவிட வேண்டியதுதானே என்றாள் அம்மா. "எய்தனவன் ஒர்த்தன். அவனே அடிச்சிக்கினான். நான் எதுக்கும்மா அடிக்கணும்?" என்றார் ஆயா. 2017இல் ஸ்மார்ட் கார்டு வந்தபோதுதான் அந்தப் பெயர் போனது. பழைய கார்டை அவர் தூக்கிப் போடவில்லை, பாலிதீன் பையில் சுற்றி வைத்திருந்தார்.

பெரியவர் சொன்னதும் ஆயா சொன்னதும் ஏறக்குறைய ஒரே விஷயம்தான். மேலே ஒருவன் எழுதினான், அது நடந்தது. ஆனால் பெரியவர் வாயில் அது ஆயாவின் வாயை அடைக்கும் துணியாக இருந்தது. ஆயாவின் வாயில் அது அவர் நின்றுகொள்ள ஒரு இடம். பிள்ளையைப் பறிகொடுத்தவருக்குத்தான் அந்தச் சொல் சொந்தம். மைக் பிடித்தவருக்குக் கிடையாது. நீங்கள் கூட்டத்திலிருந்து எழுந்து வந்தது சரி. வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கத்தியது மட்டும் ஆள் மாறிப்போன கோபம்.

சரி, போதகர் சொன்ன "நமக்குத் தெரியாத நன்மை"க்கு வருகிறேன். இதை நான் நிறைய யோசித்திருக்கிறேன். நம் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, பக்கிங்காம் கால்வாய். நீங்கள் தினமும் மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டுகிற அதே கால்வாய்தான். அதில் அடையாறையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி, தாது வருஷப் பஞ்சத்தின்போது, 1877-78இல், பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. சோற்றுக்கு வழியில்லாதவர்கள் கூலிக்கு மண் சுமந்தார்கள். அந்தப் பஞ்சத்தில் லட்சக்கணக்கான பேர் செத்தார்கள். 2004இல் கடல் ஏறி வந்தபோது பல இடங்களில் தண்ணீர் இந்தக் கால்வாயில் விழுந்து வேகம் குறைந்தது, அதன் மேற்குப் பக்கம் இருந்தவர்கள் பிழைத்தார்கள் என்பார்கள். பார், கடவுள் 127 வருஷம் முன்னாலேயே கால்வாய் வெட்டி வைத்திருக்கிறார் என்று ஒருவர் உருகிப் பேச முடியும். கேட்க நன்றாகவும் இருக்கும். ஆனால் அப்படிச் சொன்னால், 1877இல் மண் கூடையோடு சுருண்டு விழுந்த ஒரு பெண்ணை, 2004இல் வேறொருவர் பிழைப்பதற்கான செலவு என்று எழுதிவிடுகிறோம். அவளை யாரும் கேட்கவில்லை. உங்கள் தம்பியையும் யாரும் கேட்கவில்லை. ஒரு குழந்தையைச் செலவில் எழுதி வேறு எங்கோ லாபம் பார்க்கிற எந்தக் கணக்கையும் என்னால் கும்பிட முடியாது. அந்தக் கணக்கு வைத்திருப்பவர் கடவுள் என்றும் என்னால் நம்ப முடியவில்லை.

அலையைப் பாவத்துக்குத் தண்டனை என்றவர்களும் உண்டு. பெரிய மனிதர்களே அதில் சறுக்கியிருக்கிறார்கள். 1934 ஜனவரி 15இல் பீகாரில் பெரும் நிலநடுக்கம், ஆயிரக்கணக்கானோர் செத்தார்கள். ஹரிஜன யாத்திரையாக அப்போது தமிழ்நாட்டில் இருந்த காந்தி, திருநெல்வேலியில் பேசும்போது, தீண்டாமை என்கிற பாவத்துக்குக் கடவுள் தந்த தண்டனை இது என்றார். தாகூர் பதறிப்போய் மறுப்பு எழுதினார். இயற்கையின் உற்பாதத்துக்குக் காரணம் இயற்கையில்தான் இருக்கும், அறத்தை அதோடு முடிச்சுப் போடக்கூடாது என்பது அவர் பக்கம். காந்தி அந்த மறுப்பைத் தன் ஹரிஜன் பத்திரிகையிலேயே வெளியிட்டுப் பதிலும் எழுதினார், கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. காந்தி மேல் எனக்கு இருக்கும் மரியாதை கொஞ்சநஞ்சம் இல்லை. இந்த விஷயத்தில் நான் தாகூர் பக்கம். நிலம் ஆடியபோது தீண்டாமைக்கு ஆளானவர்களின் குடிசையும் சேர்ந்துதானே விழுந்தது?

இப்போது உங்கள் அம்மாவின் யோபு. நான் சபைக்காரன் இல்லை, ஆனால் அந்தப் புத்தகத்தைப் பல தடவை படித்திருக்கிறேன். யோபுவின் பிள்ளைகள் எப்படிச் சாகிறார்கள்? வனாந்தரத்திலிருந்து வந்த பெருங்காற்று வீட்டைச் சாய்த்து. அதாவது புயலில். நண்பர்கள் வந்து ஏழு நாள் அவரோடு தரையில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை. அதுவரை அவர்கள் செய்தது சரி. அதற்குப் பிறகு வாயைத் திறந்து காரணம் சொல்ல ஆரம்பிக்கிறார்கள். கடவுள் நீதிமான், ஆகவே நீ ஏதோ செய்திருப்பாய் என்று. யோபு ஒத்துக்கொள்ளாமல் கடவுளையே வழக்குக்கு இழுக்கிறார். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருவது யார் மேல்? தன்னைத் தாங்கிப் பேசிய அந்த நண்பர்கள் மேல். கேள்வி கேட்ட யோபுவைப் போல நீங்கள் என்னைப் பற்றிச் சரியாகப் பேசவில்லை என்கிறார். காரணம் என்ன என்று கடைசிவரை அவரும் சொல்வதில்லை. "இம்மட்டும் வா, மிஞ்சி வராதே" என்று கடலுக்கு எல்லை வைத்ததைச் சொல்கிறார். உங்கள் வீட்டில் கடல் அந்த எல்லையை மிஞ்சி வந்தது. அம்மா சரியாக அந்த இடத்தில் கோடு போட்டிருக்கிறார். வேறு எங்கும் போடவில்லை. நீங்கள் கத்திக் கேட்டதை அவர் பென்சிலால் கேட்டிருக்கிறார் என்றுதான் எனக்குப் படுகிறது.

எனக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்ல வேண்டும். உண்டு. உங்கள் ஊர் வடிவுடையம்மன் முன்னால் போய் நிற்பவன்தான் நான். அதே ஒற்றியூரில்தான் சுந்தரர், பிரியமாட்டேன் என்று சங்கிலியாருக்கு மகிழ மரத்தடியில் சத்தியம் செய்துகொடுத்து, அதை மீறிக் கிளம்பி, ஊர் எல்லையைத் தாண்டும்போது கண்ணை இழந்தார். திருவாரூர் போய்ச் சிவனிடம் "வாழ்ந்துபோதீரே" என்று பாடினார். நீர் நன்றாக இரும் ஐயா என்று. தப்பு தன் மேல் இருந்தும் அப்படிக் கேட்டார். ஒரு தப்பும் செய்யாத பதினொரு வயதுப் பையனுக்காக நீங்கள் கேட்பதில் என்ன குறை? பக்தியில் அதற்கும் இடம் இருக்கிறது. நான் கடவுளிடம் போவது விளக்கம் கேட்க அல்ல. அழும்போது பக்கத்தில் யாராவது இருக்க வேண்டும், அதற்குத்தான். திட்டம் போடுகிறவர் என்று நினைத்தால் எனக்கு அவர் பக்கத்தில் போகவே முடியாது. உங்களுக்கு அது போதாமல் இருக்கலாம். எனக்குப் போதுகிறது.

இன்னொன்று. கடவுள் தலையில் போடுவதற்கு முன்னால் மனுஷன் செய்ததைக் கழித்துவிட வேண்டும். வடசென்னைக் கரையைக் கடல் தின்கிறது என்கிறோம். வருஷத்தில் பெரும்பகுதி தெற்கிலிருந்து வடக்கே ஓடும் மணலைத் துறைமுகச் சுவர் மறித்துக்கொண்டது. தெற்கே மெரினா அகலமானது, வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரைக்கும் குப்பம் குப்பமாகக் கரை போனது. நூறு வருஷத்துக்கு மேலாக நடக்கும் இந்த விஷயத்தை விதி என்று சொல்லிக் கல் கொட்டிக்கொண்டிருக்கிறோம்.

சுனாமி அப்படி இல்லை, பூமிக்குள் தட்டு நகர்ந்ததை யாரும் தடுத்திருக்க முடியாது. ஆனால் நேரத்தைப் பாருங்கள். சுமத்ரா பக்கம் நிலம் உடைந்தது நம் நேரப்படி காலை ஆறரை மணிக்குச் சற்று முன்னால். நம் கரைக்கு அலை வந்தது ஒன்பது மணியை ஒட்டி. நடுவில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருந்தது. பசிபிக் கடலுக்கு 1949இலிருந்தே எச்சரிக்கை மையம் இருந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு ஒன்றும் இல்லை. ஹைதராபாத்தில் நம்முடைய மையம் வந்தது 2007இல். 2012 ஏப்ரலில் சுமத்ரா பக்கம் மறுபடி ஆடியபோது எச்சரிக்கை வந்தது, சென்னைக் கடற்கரையிலிருந்து ஜனங்களை வெளியேற்றினார்கள்.

இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், உங்கள் கடிதத்தில் ஒரு வரியை நீங்கள் வேகமாகக் கடந்து போய்விட்டீர்கள். பையைக் கொடுத்து அனுப்பியது அம்மா. இருபது வருஷமாக அவர் "கர்த்தருடைய திட்டம்" என்று சொல்லும்போது, எனக்குக் கேட்பது கர்த்தரைப் பற்றிய பேச்சு அல்ல. அது அவர் போட்ட திட்டம் என்றால், அனுப்பியது நான் இல்லை என்று அம்மா சொல்வதுதான் கேட்கிறது. அந்தச் சொல்லை அவர் கையிலிருந்து பிடுங்கினால் மிச்சம் இருப்பது அந்தப் பை மட்டும்தான். அவர் படுத்துக்கொண்டது அதனால்தான் என்று நினைக்கிறேன். அம்மாவை நான் பார்த்ததில்லை, என் ஊகம் தப்பாகவும் இருக்கலாம். ஆனால் தப்பாக இருந்தாலும் இதைச் சொல்வதால் கெடுதல் ஒன்றும் வராது.

ஆகவே அவரிடம் கடவுளைப் பற்றிப் பேசாதீர்கள். இந்த மணிக்கணக்கைச் சொல்லுங்கள். ஆறரை மணிக்கு நடந்தது எட்டரை மணிக்குக் கரையில் இருந்த யாருக்கும் தெரியாதும்மா, நாட்டிலேயே அதைச் சொல்வதற்கு ஒரு ஆபீஸ் இல்லை, அடுப்படியில் இருந்த உனக்கு எப்படித் தெரியும் என்று கேளுங்கள். நீ அனுப்பியதால் இல்லைம்மா என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு தடவை போதாது. அதற்கும் அவர் "எல்லாம் கர்த்தர் சித்தம்" என்றால், சரிம்மா என்று கேட்டுக்கொள்ளுங்கள். பென்சில் கோட்டைப் பார்த்ததாக நீங்களாகச் சொல்ல வேண்டாம்.

அன்றைக்கு வீட்டில் பதினான்கு வயதில் நீங்களும் இருந்தீர்கள். என்னை அனுப்பியிருக்கலாமே என்று எப்போதாவது தோன்றியிருந்தால், அதுவும் உங்கள் கணக்கு இல்லை.

தம்பியின் பெயரை எழுதியிருந்தீர்கள். இங்கே வெளியிடும்போது எடுத்துவிட்டேன், என்னிடம் இருக்கிறது. அம்மாவுக்கு ஆட்சேபம் இல்லை என்றால் டிசம்பர் 26 அன்று ஒற்றியூரில் அவன் பெயரைச் சொல்லி ஒரு விளக்கு ஏற்றுகிறேன். கேட்டுச் சொல்லுங்கள்.

அன்புடன்
அண்ணன்